அறிவுரையும் ஆற்றுப்படையும்

மருத்துவக் கல்லூரியில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கலைக்கல்லூரி மாணவன் பேசலாமா? பேசலாம், பேசவும் வேண்டும். மருத்துவம் கற்பவர் சிலர். அவர்கள் கற்றதன் நன்மையையும் கல்லாமல் விட்டதன் தீமையையும் தம் உடம்பில் தாங்கப்போகிறவர்கள் நாம் அனைவரும். சட்டை தைக்கும் கலை தையற்காரருக்கே தெரியும் என்றாலும், தோளில் பிடிக்கிறது என்று சொல்லும் உரிமை அணிந்தவனுக்கு உண்டன்றோ! அந்த உரிமையோடு ஒரு கருத்தை இம்மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விழைகிறேன்.

நோயாளி தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி அவரோடு பேசுவது ஒரு கலை. அது பிறவிக் குணமன்று. நல்ல மனம் இருந்தால் தானே வந்துவிடுவதும் அன்று. நரம்பு பார்த்து ஊசி போடுவதைப் போல, கற்பித்து, கண்முன் செய்யவைத்து, பிழை திருத்தி, தேர்வு வைத்து அளிக்க வேண்டிய கலை அது. நம் மருத்துவக் கல்லூரிகள் அக்கலைக்கு அந்த இடத்தைத் தர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நோய் மாறியது

நம் பாட்டனார் காலத்து நோய்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. அம்மை வந்தது, அம்மை குத்தினார்கள். 1975ஆம் ஆண்டோடு இந்திய மண்ணில் பெரியம்மை ஒழிந்தது. குத்திக்கொள்ளக் கையை நீட்டினால் போதும். மீதியை ஊசி பார்த்துக்கொண்டது.

இன்று நம்மைத் தின்னும் நோய்களோ வேறு வகையின. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, புகையிலையால் வரும் புற்று, குடியால் வரும் ஈரல் கேடு ஆகியவற்றுக்கு மருந்தின் பாதி மருத்துவரிடம் இருக்கிறது. மறுபாதி நோயாளியின் அடுப்படியிலும், தேநீர்க் கடையிலும், சட்டைப் பையிலும் இருக்கிறது. மாதத்தில் சில நிமிடமே மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் நோயாளியே தமக்கு மருத்துவர்!

பெண்ணையாற்றங்கரையில் உள்ள எங்கள் மணலூர்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் என்று இதனைப் பலர் அறிவர். சுற்றிலும் கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. மேற்கே மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ஆலைக்குச் சர்க்கரையை விளைவித்துத் தரும் கைகளில் சர்க்கரை நோய்க்கான மாத்திரைப் பட்டையைக் காணும்போது நெஞ்சு நோகிறது.

மாத்திரை கிடைக்கவில்லை என்று இன்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாகச் சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. போற்றத்தக்க திட்டம். ஆனால் வாசலுக்கும் வாய்க்கும் இடையே ஒரு தூரம் உண்டு. “சர்க்கரை இறங்கிடுச்சி, மாத்திரையை நிறுத்திட்டேன்” என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்களை நான் எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். திருவிழா வாரத்தில் மாத்திரை மறந்துபோகும். வெளியூர்க் கரும்பு வெட்டுக்குப் போகும்போது மாத்திரை வீட்டு மாடத்திலேயே தங்கிவிடும்.

இது புதிய சிக்கலன்று. இதை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை நம் சென்னைக்கே உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியை மருத்துவ விடுதியில் பல மாதம் படுக்கவைக்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்துக் குணமாக்க முடியும் என்று அந்நிலையத்தார் நிறுவி, 1959இல் முடிவை வெளியிட்டனர். அதே ஆய்வில் இன்னோர் உண்மையும் தெளிந்தது. மருந்து சரியானது, ஆனால் இருமல் நின்றபின் மாதக்கணக்கில் அதைத் தவறாமல் விழுங்குவது மனிதருக்கு அரிது. நோயாளிகள் மருந்தை உட்கொண்டார்களா என்று சிறுநீர்ச் சோதனையால் பார்க்கவேண்டி வந்தது. ஊழியரின் கண்முன் மருந்தை உட்கொள்ளச் செய்யும் முறை இத்தகைய அனுபவத்திலிருந்தே வளர்ந்து பிறகு உலகெங்கும் பரவியது. காசநோய்க்குச் சில மாதம் கண்முன் கொடுக்கலாம். சர்க்கரை நோயாளியின் வாழ்நாள் முழுவதும் யார் எதிரில் நிற்பது? அவர் மனமே எதிரில் நின்றாலன்றி வழியில்லை.

அறிந்தும் அருந்தினர்

“மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, எடுத்துச் சொன்னால் திருந்துவார்கள்” என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இக்கூற்று எவ்வளவு குறைபாடுடையது என்பதைக் கள்ளக்குறிச்சி அறியும்.

2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின, தேநீர்க் கடைகள் பேசின. மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டம் வேறெங்கோ இருப்பதன்று. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை நாமும் அதில் அடங்கியவர்களே. அச்செய்தி நம் பக்கத்தில் எட்டாத செவி இராது. ஓராண்டு கழிந்தது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மெத்தனால் உடம்புக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், பார்வையைப் பறிக்கும், மூச்சையும் நிறுத்தும். இறந்தவருள் பலர் அன்றாடம் கூலிவேலை செய்து உடல் நோவோடு மாலையில் திரும்பிய தொழிலாளர்கள்.

அவர்கள் அறியாமையாலா அருந்தினர்? சாராயம் கெடுதி என்பதை அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்ததா? அறிவு இருந்தது; அறிவிலிருந்து செயலுக்குச் செல்லும் பாதைதான் இல்லை. அதே ஆண்டில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் உயர்த்தப்பட்டன. விற்பவனைச் சட்டம் தடுக்கட்டும். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர்? மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிக்கும் அந்த மனிதர் அருகே வெள்ளை அங்கியோடு நிற்கும் இளம் மருத்துவர் முதலில் என்ன பேச வேண்டும்? “இனிமேல் குடிப்பியா?” என்று அதட்டுவதா? வேறு ஏதேனும் உண்டா? அந்தச் சில நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. அந்த நிமிடத்திற்கு அவரை நாம் ஆயத்தம் செய்திருக்கிறோமா?

அறிவுரை ஏன் தோற்கிறது?

எந்த ஊர்ப் புறநோயாளர் பிரிவிலும் கேட்கக்கூடிய ஓர் உரையாடலைக் கற்பனையாக எழுதிப் பார்க்கிறேன்.

“ஐயா, சர்க்கரை 280 இருக்குது. சோத்தைக் குறைக்கச் சொன்னேன் இல்ல?”

“குறைச்சிட்டேன் டாக்டரம்மா.”

“டீயில சக்கரை?”

“நிறுத்திட்டேம்மா.”

“தினம் நடக்கிறீங்களா?”

“நடக்கிறேம்மா.”

“அப்புறம் எப்படி 280 வரும்? இப்படியே போனா காலை எடுக்கவேண்டியதுதான். அடுத்தவங்க வாங்க!”

மருத்துவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நோயாளி சொன்னதில் உண்மை ஒன்றுமில்லை! ஏன்? அவர் பொய்யரா? அன்று. பள்ளிக்கூடத்தில் பிரம்பைக் கண்ட பிள்ளை போல் அவர் தம்மைக் காத்துக்கொண்டார். நாம் ஒருவரை ஒரு பக்கம் தள்ளினால், அவர் மறுபக்கம் சாய்ந்து நிற்பது இயற்கை. “குடியை விடு” என்று நாம் வாதாடும்போது, குடிப்பதற்குள்ள காரணங்களையெல்லாம் அவர் வாயாலேயே அவரைச் சொல்லவைத்துவிடுகிறோம். தம் வாயால் சொன்னதைத் தாமே நம்புவதும் மனித இயல்பன்றோ?

திருவள்ளுவப் பெருந்தகை இதனை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்! கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறட்பாக்களையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். முன்னதில், குடித்து மயங்கியிருப்பவனிடம் நியாயம் எடுத்துரைப்பது, நீருக்குள் மூழ்கிவிட்டவனை விளக்கைக் கொண்டு தேடுவது போன்றது என்கிறார். பின்னதில், தான் குடியாத வேளையில் குடித்துக் கிடக்கும் இன்னொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுதான் என்று அவன் எண்ணிப்பார்க்க மாட்டானா என்று வினவுகிறார். முதலாவது, நேரமறிந்து பேசு என்கிறது. இரண்டாவது, எண்ணும் வேலையை அவனிடமே விடு என்கிறது. வள்ளுவர் அங்கே ஆணையிடவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டு நிறுத்திக்கொள்கிறார். மேலை நாட்டு உளவியலார் இந்நாளில் நூல் நூலாக எழுதுவதன் கரு அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்பது என் துணிபு.

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்

இப்படிப் பேசும் கலைக்கு இன்று தமிழில் வழங்கும் பெயர் ‘ஆற்றுப்படுத்துதல்’. தமிழ் இலக்கியம் பயிலும் நமக்கு இச்சொல்லைக் கேட்டதும் பத்துப்பாட்டு நினைவுக்கு வரும். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தான் பெற்ற வளத்தையும் சொல்லி அவனையும் அவ்வழியில் செலுத்துவது ஆற்றுப்படை.

அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நமக்கு மிக அண்மையான மண்ணைப் பாடுவது. அதன் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா என்பது திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள இன்றைய செங்கம். கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரும் கொண்ட அந்த 583 அடிப் பாட்டில் பெருங்கௌசிகனார் என்ன செய்கிறார்? “போ, உனக்கு நல்லது” என்று சொல்லி நிறுத்திவிடுகிறாரா? இல்லை. மலைப்பாதையில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு பதுங்கும் குழி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எங்கிருந்து வரும், கால் வழுக்கும் இடம் எது, பசித்தால் எந்தச் சிற்றூரில் தினைச்சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நடக்கப்போகிறவன் அவன், இடறும் இடத்தை முன்கூட்டிச் சொல்பவர் இவர்.

அறிவுரைக்கும் ஆற்றுப்படைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அறிவுரை மேட்டில் நின்று பேசும். ஆற்றுப்படை வழியில் நின்று பேசும். அறிவுரை சென்றடைய வேண்டிய இடத்தைச் சொல்லும். ஆற்றுப்படை அங்கே போகும் பாதையைச் சொல்லும்.

குடிநோயிலிருந்து மீளும் முயற்சியில் இம்முறை வென்ற கதையை உலகமே அறியும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிக்கு அடிமையாகி மீண்டுகொண்டிருந்த ஒரு பங்குத் தரகர், அதே அடிமைத்தனத்தில் கிடந்த ஓர் அறுவை மருத்துவரைச் சந்தித்துப் பேசினார். அச்சந்திப்பில் பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கம். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொன்ன கதைதான் அதுவும்! நம் தமிழகத்திலும், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று அறியப்படும் மறுவாழ்வு நிலையத்தை நிறுவினார். மருந்தோடு மனத்துக்கும் துணை வேண்டும், நோயாளியோடு குடும்பத்தையும் அமர்த்திப் பேச வேண்டும் என்பதை அந்நிலையம் நடைமுறையாக்கியது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கற்றுக்கொள்ளத் தக்கதா?

“இதெல்லாம் மனத்தைப் பொறுத்தது, வகுப்பில் கற்பிக்க முடியுமா?” என்று கேட்போர் உண்டு. முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலார் குடிநோயாளிகளிடம் பேசும் முறையைப் பற்றி 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக்கினார். மாற்றத்துக்கான காரணத்தை மருத்துவர் சொல்லாமல், நோயாளி தம் வாயாலேயே சொல்லும்படி கேள்விகளை அமைப்பதே அம்முறையின் உயிர். அதே 1983இல் புரோசாஸ்கா, டி கிளெமென்ட் என்னும் இருவர், புகைப்பதை விட்டவர்களை ஆராய்ந்து, மனிதர் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை, படிப்படியாகவே மாறுகிறார்கள் என்று காட்டினர். மாற்றத்தை எண்ணியே பார்க்காத நிலை, எண்ணத் தொடங்கும் நிலை, ஆயத்த நிலை, செயல்நிலை, மாற்றம் நிலைக்கும் நிலை என்பன அப்படிகள். எண்ணியே பார்க்காதவரிடம் போய் நாளை முதல் விட்டுவிடு என்பது, விதைக்காத நிலத்தில் அறுவடைக்கு ஆள் விடுவது போன்றதன்றோ?

மேலே கண்ட அதே நோயாளியிடம் இம்முறை பயின்ற மருத்துவர் பேசினால் எப்படியிருக்கும்?

“ஐயா, மாத்திரை, சாப்பாடு, நடை, இதுல எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குது?”

“உண்மையைச் சொல்லணும்னா டீதாம்மா. கரும்பு வெட்டுற எடத்துல மணிக்கொரு தரம் டீ வரும். எல்லாரும் குடிக்கறப்போ நான் மட்டும் எப்படி வேணாங்கறது?”

“கூட வேலை செய்யறவங்க நடுவுல அது சங்கடம்தான். சரி, சக்கரையைக் குறைக்கணுங்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீங்க?”

“ஒரு நாலு போடலாம்.”

“ஏன் நாலு? ஒண்ணுன்னு சொல்லலையே?”

“எங்க அண்ணனுக்குக் கால்ல புண்ணு வந்து வெரலை எடுத்துட்டாங்கம்மா. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்குதுங்க. அதான் யோசனையா இருக்குது.”

“என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?”

“வீட்டு டீயைச் சக்கரை இல்லாம குடிச்சிப் பாக்கிறேன். வேலை எடத்துல அஞ்சை ரெண்டாக் குறைக்கிறேன்.”

“செஞ்சி பாருங்க. பதினஞ்சு நாள் கழிச்சி வந்து சொல்லுங்க. முடியலைன்னாலும் வந்து சொல்லுங்க.”

‘ஏன் நாலு, ஏன் ஒன்றில்லை’ என்ற கேள்வியின் அழகைக் கவனியுங்கள். ‘ஏன் பத்தில்லை’ என்று கேட்டிருந்தால் சாக்குகள் வந்திருக்கும். இப்படிக் கேட்டதால் காரணங்கள் வந்தன. காலை எடுக்க நேரிடும் என்ற அதே அச்சம் இங்கேயும் வந்தது. ஆனால் மருத்துவர் வாயிலிருந்து மிரட்டலாக வரவில்லை, நோயாளியின் நெஞ்சிலிருந்து கவலையாக வந்தது. ‘முடியாவிட்டாலும் வந்து சொல்லுங்கள்’ என்ற கடைசிச் சொல், அவர் அடுத்தமுறை பொய் சொல்லவேண்டிய தேவையை நீக்கிவிட்டது. இத்தகைய கேள்விகளை யாரும் கற்கலாம். பழகப் பழகக் கைவரும்.

நேரம் எங்கே இருக்கிறது?

“வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இப்படிப் பேச நேரம் ஏது?” என்பது நியாயமான கேள்வி. நம் அரசு மருத்துவர்களின் சுமையை அறியாதவனல்லன் நான். ஆனால் சிறிது நேரமும் வீண்போவதில்லை. 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரஸ்ஸல் என்பாரும் தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலண்டனில் 28 பொதுமருத்துவர்களிடம் வந்த 2138 புகைபிடிப்போர் அதில் பங்குபெற்றனர். எதுவும் சொல்லாமல் விடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 0.3 பேரே புகையை விட்டு ஓராண்டு நிலைத்தனர். மருத்துவர் ஓரிரு நிமிடம் பேசி, ஒரு துண்டறிக்கையும் தந்து, மீண்டும் விசாரிப்போம் என்று சொல்லியனுப்பியவர்களுள் 5.1 பேர் அவ்வாறு நிலைத்தனர். ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். நாடெங்கும் எல்லா மருத்துவரும் அவ்வோரிரு நிமிடத்தைச் செலவிட்டால் அந்த ஐந்து எத்தனை ஆயிரமாகப் பெருகும் என்று எண்ணிப் பாருங்கள்!

பேசுவதைவிடக் கேட்பதற்கே நேரம் பிடிக்கும் என்றும் அஞ்சுவர். 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்தனர். நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டனர். செல்வ நாட்டிலும் நிலைமை இதுதான் என்றால், குறை நேரத்தில் மட்டும் இல்லை, பழக்கத்திலும் இருக்கிறது. நோயாளியின் பழக்கத்தை மாற்றப் போகிறவர் தம் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டியிருக்கிறது!

செய்யத்தக்கவை மூன்று

நம் நாட்டு மருத்துவக் கல்வி இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அறமாகாது. 2019இல் சேர்ந்த மாணவர்கள் முதல், மனப்பான்மை, அறநெறி, தொடர்புத்திறன் ஆகியவை பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. 2021-22ஆம் கல்வியாண்டு மாணவர்கள் முதல், ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு படிப்புக் காலத்தில் தொடர்ந்து பார்த்துவரும் முறையும் வந்துள்ளது. இவை நல்ல வித்துகள். வித்து முளைக்க மூன்று செய்ய வேண்டும் என்பேன்.

முதலாவது, நடித்துப் பழகுதல். 1963இலேயே அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்கப் பயின்றவரைக் கொண்டு மாணவருக்குப் பயிற்சி தந்தார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன், மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சென்று ஒவ்வொரு திறனைச் செய்துகாட்டும் தேர்வுமுறையை வகுத்தார். இவ்விரண்டும் இங்கே இன்னும் வேரூன்ற வேண்டும். நடிகருக்கு எங்கே போவது என்று கேட்பீர்களாயின், தெருக்கூத்து தழைத்த மண் நம்முடையது! துரியோதனனாகவும் திரௌபதியாகவும் விடிய விடிய நின்றாடும் கலைஞருக்கு, மாத்திரையை மறைக்கும் மாமனாராகவும் குடியை மறுக்கும் கணவனாகவும் நடிப்பது அரிதா? நம் கல்லூரி நாடகக் குழுவினரும் கைகொடுக்கலாம். நடித்து முடித்ததும், “நீங்கள் அப்படிக் கேட்டபோது எனக்கு உண்மை சொல்லத் தோன்றவில்லை” என்று அந்த ‘நோயாளி’ சொல்லும் ஒரு சொல், பத்து விரிவுரைக்கு ஈடாகும்.

இரண்டாவது, மீண்டவரை ஆசிரியராக்குதல். குடியை விட்டுப் பத்தாண்டு கழிந்த ஒருவர், பீடியை விட்ட ஒரு முதியவர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு தாய் ஆகியோர் மருத்துவ மாணவர் முன் அமர்ந்து, எந்தச் சொல் தம்மைத் திருப்பியது, எந்தச் சொல் தம்மைத் துரத்தியது என்று சொல்லட்டும். பாதையில் பாம்புக் குழி எங்கே என்பது நடந்தவருக்கே தெரியும்.

மூன்றாவது, மக்கள் மொழியைக் கற்றல். சிறுவங்கூரில் அமைந்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் பல ஊர்ப் பிள்ளைகளும் படிக்கின்றனர். கல்லூரி தொடங்கி மூன்றாண்டு நிறையுமுன்பே கருணாபுரத் துயரம் அதன் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கமிருந்து இறங்கி வருகிறவரின் சொல்லையும், ஆற்றோரத்து உழவரின் சொல்லையும் அறியாதவர், அவர்கள் மனத்தை எப்படி அறிவார்? ‘கிறுகிறுப்பு’, ‘மதமதப்பு’, ‘கையாலாகலை’ என்பன அகராதியில் வேறு, நோயாளி வாயில் வேறு. ஏற்றுக்கொண்ட குடும்பங்களின் திண்ணையே இதற்குச் சிறந்த வகுப்பறை.

ஒரு மறுப்புக்கு விடை

“2003 முதல் அரசே டாஸ்மாக் வாயிலாகச் சில்லறைக் கடைகளில் மது விற்கும்போது, மருத்துவர் பேசி என்ன பயன்?” என்று கேட்போர் கேள்வியில் நெருப்பு இருக்கிறது, அதை நான் அணைக்க விரும்பவில்லை. கூலி உயராமல், உடல் நோவுக்கு ஓய்வு கிடைக்காமல், மலையில் வேறு பிழைப்பு இல்லாமல், ‘மனத்தை மாற்றிக்கொள்’ என்று ஏழையிடம் மட்டும் சொல்வது கொடுமை. ஆற்றுப்படுத்துதல் வறுமைக்கு மருந்தாகாது. ஆயினும் சட்டமும் சமூகமும் மாறும்வரை ஒரு மனிதர் காத்திருக்க முடியுமா? அவர் ஈரல் காத்திருக்குமா? நோயாளியின் வாயைத் திறந்து கேட்கப் பழகிய மருத்துவர், அவர் ஏன் குடிக்கிறார் என்பதையும் கேட்பார். கேட்டபின், ஊரின் குறையையும் பேசாதிருக்க மாட்டார். நோயாளியைக் குற்றவாளியாகக் காணாத கண்ணே சமூகத்தின் குற்றத்தையும் காணும்.

நண்பர்களே! மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், முதலில் நோயுற்றவரையும், அவருக்கு அடுத்தே மருத்துவரையும், பிறகு மருந்தையும், அதன்பின் உடனிருந்து பேணுபவரையும் வைத்தார். அந்த வரிசையை மருத்துவக் கல்வி நினைவில் கொள்ள வேண்டும். நான்காம் கூறாகிய உடனிருப்பவர் யார்? வீட்டிலும் தெருவிலும் இருக்கும் நாமே. நாளை நம்முள் பலர் ஆசிரியராவோம். சிலர் அலுவலகம் செல்வோம். எல்லோரும் யாரேனும் ஒருவருக்கு மகனாகவோ மகளாகவோ மருத்துவமனைக்குத் துணை போவோம். இன்று மாலை வீட்டில் அப்பாவிடம், “ஏன் மாத்திரை போடலை?” என்று அதட்டுவதை ஒருமுறை நிறுத்தி, “அந்த மாத்திரையில உங்களுக்கு என்னப்பா கஷ்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பதினெட்டு நொடிக்கு மேல் ஆகலாம்!